அளவு நூல்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

உன் மருமகள் வாலு இப்போதுதான் என் மடியில் தூங்கினாள். சீர்திருத்த இல்லத்தில் நீ தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. பட்டன் அறுந்தால் சட்டையை என் மேல் எறிகிறவன் நீ! கவனமாகக் கற்றுக்கொள். கையில் தொழில் இருந்தால் யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

செப்டம்பரில் உன்னை விடுவார்களாம். சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டுமாம். அப்பா அம்மா போனபிறகு உனக்கு என்னை விட்டால் யார்? என் வீட்டுக்காரர், உன் மாமாதான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார். பேசிப் பார்க்கிறேன். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

நான் நலம். தையல் சார் முதல் நாளே, "ஏன்டா, கத்தி பிடிச்ச கைக்கு ஊசி பிடிக்க வரலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வகுப்பு முடிந்ததும் ஊசிகளை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் யாருக்கும் சோறு கிடையாது.

தேர்வுக்கு வாலுவுக்குக் கவுன் தைக்கப் போகிறேன். அளவு வேண்டும். டேப் இல்லாவிட்டால் நூலால் அளந்து வெட்டி, உறையில் போட்டு அனுப்பு. மார்பு நூலுக்கு ஒரு முடிச்சு, தோளுக்கு இரண்டு, உயரத்துக்கு மூன்று.

மாமா என்ன சொன்னார்?

தம்பி

ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நீ கத்தியால் குத்திய அந்தப் பையனின் அம்மாவை மருந்துக்கடையில் பார்த்தேன். அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரு கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்திருந்தாள். "உன் தம்பி எப்ப வர்றான்?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, வாலுவைப் பார்த்துக் கேட்டாள். அதற்குப் பதில் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்.

மாமா இன்னும் மசியவில்லை. அளவெடுக்க நேரமே வாய்க்கவில்லை. அனுப்புகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நூல் வரவில்லை, தேர்வு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, வாலுவை இடுப்பில் வைத்திருப்பதுபோல் கையை வளைத்து நின்றேன். "டேய், காத்தைத் தூக்கி வச்சுக் கொஞ்சுறான்டா!" என்று ஒரே கூச்சல். அந்த அளவுக்கு வெட்டித் தைத்தேன். கவுனை இதோடு அனுப்புகிறேன். கீழே நான்கு விரல் துணி உள்ளே மடித்திருக்கிறேன். வளர வளர நானே பிரித்துவிடுவேன், நீ கை வைக்காதே.

ஒரு நாள் ஊசி குறைந்தது. என் காலரிலேயே குத்தி வைத்து மறந்திருக்கிறேன். எல்லாருக்கும் சோறு போனது. பசங்கள் அப்புறம் கணக்குத் தீர்த்தார்கள். பயப்படாதே, ஒரு பல்தான்.

செப்டம்பர் பத்து, காலையிலேயே வந்துவிடு அக்கா. ஆள் வராதவனைப் பெரியவர்கள் விடுதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே தையல் கிடையாது.

தம்பி

செப்டம்பர் 5

தம்பி,

கவுன் வந்தது. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. வாலுவுக்குத் தலை நுழையவில்லை. நீ தூக்கி வைத்திருந்தது இரண்டு வயதுப் பிள்ளையை. இப்போது அவளுக்கு ஐந்து. நான்கு விரலையும் பிரித்துப் பார்த்தேன். நீளம் வந்தது, கழுத்துக்கு என்ன செய்ய?

மாமா போன மாதமே சரி என்றுவிட்டார். "உன் தம்பிதானே, கூட்டிட்டு வா. வேற எங்க போவான்?" என்றார். பழியை அவர் தலையில் போட்டு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்துவிட்டேன். மாட்டேன் என்பது நான்தான். அன்றைக்கு நீ அந்தத் தெருச்சண்டையிலிருந்து ஓடி வந்தவன், கையைக்கூடக் கழுவாமல் முதலில் வாலுவைத்தான் தூக்கினாய். அவள் சட்டையை நான் எத்தனை முறை துவைத்தேன் என்று உனக்குத் தெரியாது.

அளவு நூல் மூன்றையும் நீ கேட்டபோதே எடுத்து, முடிச்சும் போட்டுவிட்டேன். உறையில் வைக்கக் கை வரவில்லை.

பத்தாம் தேதி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

கவுனை வாலு தன் பொம்மைக்குப் போட்டிருக்கிறாள். அதற்குத் தொளதொளவென்று கிடக்கிறது.

அக்கா