நின்றுபோன உறுமல்

இந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாதென்று கோர்ட்டு விலக்கிவைத்த என் கணவனுக்கு,

மேக்கன் ஊரில் உன் அண்ணன் வீட்டில் இருப்பாய் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சமையலறைத் தரைப்பலகை ஈரத்தில் உப்பிவிட்டது. வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஓடும் ஈரம் உறிஞ்சும் மெஷின் நின்றுவிட்டதென்று மெக்கானிக் வெண்டலை அழைத்தேன். வெளிச்சுவரின் அடியிலுள்ள சின்னக் கதவு வழியே தவழ்ந்து உள்ளே போய் வந்தவர், நான் கொடுத்த ஐஸ் டீயைத் தொடவே இல்லை.

“மெஷினுக்கு ஒண்ணுமில்லம்மா. யாரோ அதோட வயரைப் புடுங்கிட்டு, போன் சார்ஜரைச் சொருகியிருக்காங்க. மெஷின் சத்தம் இல்லேன்னா நீங்க மேல பேசுறது அப்படியே கீழ கேக்குது.”

அவர் அதை மறுபடி ஓடவிட்டுப் போனார். இந்த வரி வரைக்கும் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது நின்றுவிட்டது.

வெளியே போய் அந்தச் சின்னக் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன். போலீஸுக்குப் போன் செய்துவிட்டேன், ஷெரீப் வந்துகொண்டிருக்கிறார். தபால்தலை மிச்சம், இதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குழாய் இறங்கும் ஓட்டை வழியே போடுகிறேன். வெளிச்சத்துக்குப் போன் இருக்கிறதே, படி.

இப்படிக்கு,
உன் தலைக்கு மேலே இருப்பவள்