சுகம் என்று எழுதச் சொன்னார்கள்

காலையில் ஆய்வுகூடத்தில் நத்தைகள் இருந்த போத்தலின் மூடியைத் திறந்ததும் வெள்ளவத்தைக் கால்வாயின் வாடை எழுந்தது: சேறு, சவர்க்காரம், அடியில் ஏதோ மருந்துக் கசப்பு. யன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்தாமல் குனிந்து நத்தைகளிடம் கேட்டிருப்பாய்: "என்ன பிள்ளையள், சுகமா?"

கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு வாசலால் போகிறவர் எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வி.

"அதுகள் என்னத்தையடி சொல்லப்போகுது?" என்பேன்.

"வெளியில கேட்டா எல்லாம் சுகமெண்டுதான் சொல்லும். குடலைக் கேக்கவேணும்."

அப்படித்தான் ஒரே மேசையில் உட்கார்ந்து நத்தைக் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைத் தேடத் தொடங்கினோம். களனி ஆற்றின் மேற்பக்கத்தில் பிடித்தவற்றில் பல வகைகள் இருந்தன. கால்வாய் நத்தைகளில் சில வகைகளே மிஞ்சியிருந்தன, அவையும் கழிவைத் தாங்கப் பழகியவை. தின்றதைச் செரிக்க உதவுபவை பெரும்பாலும் இல்லை. ஓடு மட்டும் பளபளத்தது.

"என்னைப் போலதான்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் வயிற்றுக்குள் நோய் இருந்தது அப்போது இருவருக்கும் தெரியாது. பிறகு வார்டில், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, "சுகமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சுகம்" என்றாய். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

கால்வாயோரத்தில் மாநகரசபை ஒட்டப்போகும் அறிவித்தலுக்கு இன்று மதியத்துக்குள் நான் ஒரு வசனம் கொடுக்க வேண்டும். அங்கே தூண்டில் போட்டு, பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதை வாசிப்பார்கள். நேற்று மாநகரசபை அதிகாரி போனில் சொன்னார்: "நத்தை உயிரோடதானே மிஸ் இருக்கு? அப்ப சுகமா இருக்குன்னு போடுங்களேன். சும்மா சனத்தைப் பயங்காட்டாம."

'சுகமாக உள்ளன' என்று தட்டினேன். எழுந்து நடந்தேன். தேநீர் ஆறிப்போனது. திரும்பி வந்து அதை அழித்தேன்.

'நத்தைகள் உயிரோடு உள்ளன. ஆனால் அவற்றுக்குச் சுகமில்லை. அதே தண்ணீரில் வாழும் மீனை உண்ண வேண்டாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பதில் வரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒட்டுவார்களா, வேறு யாரிடமாவது எழுதி வாங்குவார்களா, தெரியாது.

சற்று முன் வாசல் கேட்டடியில் காவலாளி வழமைபோல் "சுகமா மிஸ்?" என்றார். நீ போன பிறகு என்னால் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. முதலில் உள்ளே கேட்க வேண்டியிருக்கிறது.