மறுகால் போகும் வழி

ஜூன் 4
கீரைப் பாத்தி நடுவில் கல் நட்டுவிட்டார்கள். மேலகரத்தில் குளத்துக்குக் கீழ்ப்பக்கம், பதினாறு வருசம் நான் கொத்திய மண். இனி பேரூராட்சித் தோட்டமாம். இஞ்சினியர் ஹுஸைஃபா சொன்னார்: "ஆச்சி, ஊருக்குள்ளயே காய்கறி விளையணும்னு பிளான். இருபது பேருக்குக் குலுக்கல்ல பாத்தி குடுப்போம்."
அப்போ இத்தனை வருசமா இங்கன என்ன விளைஞ்சுது, தகரமா?

ஜூன் 20
பிளானைச் சுவரில் ஒட்டிக் கூட்டம் போட்டார்கள். ஐந்தாம் வகுப்புதான் நான். நீலக்கோடு தண்ணீர் என்று கூடவா தெரியாது? குளம் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. குளம் நிறைந்து வழிகிற மறுகால் இல்லை. பத்து மாசம் காய்ந்து கிடக்கும், யார் கண்ணில் படும்? அதன் குறுக்கே தோட்டத்துச் சுவர். நான் புரட்டாசிக்கு மேல் அங்கே விதை போட்டதே கிடையாது.

"ஆச்சி, ஏதும் சொல்லணுமா?" என்றார் ஹுஸைஃபா.

பக்கத்தில் இந்தத் தோட்டத்தைக் கொண்டுவந்த கவுன்சிலர் சங்கரபாண்டி, கால்மேல் கால். 1987, மாசி 14. இவன் அப்பன் மடையை அடைத்த நாள். என் நெல் பால் பிடித்து நின்றது. ஒரு மணி தேறவில்லை. இவன் வரப்பில் நின்று சிரித்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

ஆகஸ்ட் 11
என் பாத்தி இருந்த இடம் குலுக்கலில் உலகம்மைக்கு விழுந்தது. அடுத்த வீட்டுக்காரி, புருசனை இழந்தவள். ஊருக்கெல்லாம் நான் ஆச்சி, இவளுக்கு மட்டும் சித்தி. "உங்க மண்ணுதான் சித்தி. மொத நாத்த நீங்க நட்டுத் தாங்க."
கத்தரி நட்டுக் கொடுத்தேன். மறுகால் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் 17
குளம் முக்கால் நிறைந்தாயிற்று. சொல்லலாமா? சொன்னால் சங்கரபாண்டி தப்பித்துவிடுவான்.

அக்டோபர் 23
மறுகால் போயிற்று. சுவர் தடுத்து, இருபது பாத்தியிலும் முழங்கால் தண்ணீர். உலகம்மை காய்த்த செடியைப் பிடுங்கிப் பிடுங்கி மடியில் கட்டுறா.
"சித்தி, இங்கன தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"
தெரியாதுன்னுட்டேன். எனக்கா தெரியாது—
சங்கரபாண்டி குடையோடு வந்து பார்த்தான். செருப்பு நனையாமல் போனான்.

நவம்பர் 6
ஹுஸைஃபா பிளானும் பென்சிலுமாக வீட்டுக்கு வந்தார். "மறுகால் எங்கன போகும்னு நீங்களே காட்டுங்க ஆச்சி."
ஒரே இழுப்பில் கோடு போட்டேன். நிமிர்ந்தால், வாசலில் உலகம்மை.

ஜனவரி 19
தோட்டத்தை மேட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். தோட்டத்து வாசலில் உலகம்மை கீரை விற்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.
"என்ன கீரை வேணும் ஆச்சி?"