படத்தில் செத்தவன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். உன் மருமகனும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், உன் குரலைக் கேட்டால் நானும் இளகிவிடுவேன். அதனால்தான் கடிதம். கடைசிவரை படி.

நேற்று உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நீ எடுத்த படத்தின் வெற்றி விழாவுக்கு நாங்கள் மூவரும் வரவேண்டுமாம். உன் மருமகனை மேடையேற்றி, இவன்தான் கதையில் வரும் நிஜப் பையன் என்று நீ அறிமுகம் செய்யப் போகிறாயாம். "ஜனங்க அப்படியே ஆடிப்போயிடுவாங்க மேடம்" என்றாள். யாருடைய யோசனை என்று கேட்டேன். "சாரோடதுதான்" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

நீ அனுப்பிய டிக்கெட்டில்தான் முதல் நாளே படத்துக்குப் போனோம். "கொஞ்சம் நம்ம வீட்டுச் சாயல் இருக்கும்க்கா" என்று மட்டும் சொல்லியிருந்தாய். சாயலா அது? திரையில் இருந்தது என் சமையலறை. மனச்சோர்வில் பள்ளிக்கூடம் போகமுடியாமல் அவன் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது, எல்லாமே இருந்தது. பூனை என்று நீ அவனைக் கூப்பிடுவாயே, அந்தச் செல்லப்பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை.

தரையில் படுத்துக்கொண்டு படத்தில் அந்தப் பையன் பாடும்போது எங்கள் பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். "வேலை வெட்டி இல்லாதவனுக்குத்தான்டா இதெல்லாம் வரும்" என்றான் ஒருவன். மாத்திரை வேஷம் போட்டவர்கள் ஆடும் பாட்டுக்கு ஒரே விசில். பொய் சொல்லமாட்டேன், அதற்கு உன் மருமகனும் சிரித்தான். பச்சை மாத்திரை வழுக்கி விழும் இடத்தில் என் தோளை இடித்து இடித்துச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அந்த நிமிஷம் உன்னை மனதார வாழ்த்தினேன் தம்பி. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அவனைச் சாகடித்தாய்.

எப்படிச் செத்தான் என்று காட்டவில்லை, நாகரிகமாகத்தான் எடுத்திருக்கிறாய். ஒரு காலி பெஞ்சு, காற்றில் ஆடும் திரைச்சீலை, கேலி செய்தவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே பாடும் பாட்டு. தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சியது, சிரித்த அந்தப் பையன்கள் உட்பட. விளக்கு போட்டதும் ஒவ்வொருவராக எழுந்து நின்று கை தட்டினார்கள். உன் அத்தான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். உன் மருமகன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவனும் தட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடியே, "செத்தப்புறம்தாம்மா என்னை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றான். உன் அத்தான் அவன் கையைப் பிடித்தார். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

ஏன்டா அப்படி முடித்தாய் என்று அன்றைக்கே உன்னைக் கேட்டேன். "பொழைச்சிக்கிட்டான்னு முடிச்சா யார் மனசுலக்கா நிக்கும்" என்றாய். என் மனதில் நின்றிருக்கும். அவன் பிழைத்து எழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நீ. அவன் நோயாய்க் கிடந்த இரண்டு மாதமும் எங்களோடுதான் இருந்தாய். ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாய், டாக்டரிடம் கூட்டிப் போனாய். கூடப் பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த இரண்டு மாதத்தை நினைத்தாலே, என்ன பார்த்துக்கொண்டிருந்தாய், எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றுதான் மனம் போகிறது. என்னை இப்படி நினைக்க வைத்துவிட்டாயே, அதற்கே உனக்கு நாலு அறை விட வேண்டும்.

வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். பூனை என்ற அந்தப் பெயர் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். படம் வந்த பிறகு அவன் உள்ளே நுழைந்ததுமே சாவுப் பாட்டை மெதுவாக முணுமுணுத்தார்களாம். கேலிக்கு இல்லை, பாசமாம். ஒரு டீச்சர் வராந்தாவில் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். ஒரு பெண் பூங்கொத்து கொடுத்திருக்கிறாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தவன்தான், மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. டாக்டர் இப்போது அடிக்கடி வரச் சொல்கிறார். நானும் உன் அத்தானும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அவனைத் தனியே விடாமல் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கிறோம். ஏன் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் இதே கதைதான். போன வாரம் ஓர் அம்மா புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தார். இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரத்தை நான் அளந்துகொண்டிருக்கிறேன், அவர் உன் படத்தைப் பற்றிப் பேசுகிறார். "அந்த அம்மாக்காரி மட்டும் கொஞ்சம் கவனிச்சிருந்தா அந்தப் புள்ளை போயிருக்குமா" என்றார். அளவுகோல் அவர் மூக்கின் மேல் இருக்கிறது, அளவு தப்பக் கூடாது. அளந்து முடித்துவிட்டு, அந்தப் பையன் உயிரோடு இருக்கிறான், இப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்றேன். "அப்படியா, நல்லா இருக்கட்டும். ஆனாலும் அந்த முடிவுதாங்க மனசை உருக்கிடுச்சு" என்றார். அவரைக் கோபித்து என்ன செய்ய? நீ உருக்கினாய், அவர் உருகினார்.

விழாவுக்குக் கூப்பிட்டதை உன் மருமகனிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "செத்தவன் மேடையில ஏறினா ஜனங்க தெறிச்சு ஓடிட மாட்டாங்களா" என்றான். உன் அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும்தான். அப்புறம் அவன், "மாமாவைப் பார்க்கணும். விழாவுல இல்ல. சும்மா" என்றான்.

அவனுக்கு உன்மேல் கோபம் இல்லை தம்பி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவனுக்கும் சேர்த்து நான் கோபப்படுகிறேன். விழாவுக்கு நாங்கள் வரமாட்டோம். மேடையில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் நீ இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். இதை நான் சும்மா மிரட்டலுக்கு எழுதவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அடுத்த வருஷம் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. அந்தப் பிறந்தநாளன்று நீ இங்கே இருக்க வேண்டும். வருகிறேன் என்று இப்போதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, அவனுக்குச் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் எங்கேயாவது கூட்டிப் போகிறேன், அது வாங்கித் தருகிறேன் என்று அடுத்தடுத்து ஏதாவது சொல்லிக்கொண்டே இரு. நாளைக்கு ஒன்று இருக்கிறது என்று அவன் காத்துக்கொண்டே இருக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
அக்கா