படத்தில் வந்த சிப்பாய்

ராணுவ ஆஸ்பத்திரி, பூனா
12-11-1945

அன்புள்ள ஒச்சாயிக்குப் பேயாண்டி எழுதுவது. இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீயும் ஆத்தாவும் சின்னவளும் சுகந்தானே?

நேற்று எங்கள் வார்டில் திரை கட்டிச் சண்டைப் படம் காட்டினார்கள். தேசத்துக்காகப் போரிட்ட சிப்பாய் மேளதாளத்தோடு ஊர் திரும்புகிறான். ஓடிப்போய்ப் பெண்டாட்டியைத் தூக்கிச் சுற்றுகிறான். என் பக்கத்துக் கட்டிலில் மேலூர்க் காளை இருக்கிறான். வலது கை கிடையாது. அவன், "ஏண்ணே, இம்புட்டுக் குண்டு வெடிச்சும் இவனுக்கு ஒரு கீறல்கூட இல்லையே! இது எந்தத் தேசத்துச் சண்டை?" என்று கத்தினான். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு அழுதுவிட்டேன்.

போன கடிதத்தில் காலில் காயம் என்று மட்டுமே எழுதினேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, ஒச்சாயி. பயப்படாதே. மரக்கால் பொருத்தியிருக்கிறார்கள். இன்று காலையில் எதையும் பிடிக்காமல் பதினோரு அடி நடந்தேன். காளைதான் எண்ணினான்.

தை மாதம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வேட்டியும் கொஞ்சம் நம் ஊர்ப் புளியும் அனுப்பு. சின்னவள் என்னென்ன பேசுகிறாள் என்று விவரமாக எழுது.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். மதுரை ஸ்டேஷனுக்கு மேளமும் வேண்டாம், ஊர்ச்சனமும் வேண்டாம். நீ மட்டும் வா. என்னைக் கண்டதும் ஓடி வராதே, நின்ற இடத்திலேயே நில். நான் நடந்து வருகிறேன்.

உன்
பேயாண்டி