கொட்டகையில் எரிந்த பிரேக் லைட்டு

என் செல்வி அப்பாவுக்கு, எந்தச் சவாரியில் இருந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள்.

முதலில் ஒரு மானக்கேடு. போன வாரம் நம் காருக்கு டீ வைத்தேன். ஆமாம், காருக்குத்தான். உங்கள் டம்ளரில், சர்க்கரை தூக்கலாகப் போட்டு, பானெட்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன். செல்வி வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"யாருக்கு அத்தை?"

"பல்லிக்கு மாப்பிள்ளை."

வேறு என்ன சொல்வேன்? விளக்கு வைக்கிற நேரம். கொட்டகைக்குள் காரின் பின்னால் இரண்டு பிரேக் லைட்டும் சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தன. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. கார்க் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. அப்புறம் டம்ளரை எடுக்கப் போனபோது டீ பாதிதான் இருந்தது. பூனையாக இருக்கும். இருக்கும்தானே?

நீங்கள் சவாரி முடிந்து வந்தால் அப்படித்தான். நிறுத்திய பிறகும் இறங்க மாட்டீர்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே போனில் பேசுவீர்கள். கொட்டகைச் சுவரெல்லாம் சிவந்து கிடக்கும். அதைப் பார்த்துத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாயங்காலமும் சுவர் சிவந்தது. டீ ஆறியது. நீங்கள் இறங்கவில்லை. நெஞ்சு நின்ற பிறகும் உங்கள் கால் பிரேக்கை விடவில்லை. நரிக்குடி ரோட்டில் ஆடு குறுக்கே வந்தபோதுகூட நீங்கள் அவ்வளவு அழுத்தியதில்லை.

இப்போது மறுபடி எரிந்தால் நான் என்னவென்று நினைக்க?

விடிந்து பார்த்தால் வண்டி கிளம்பவில்லை. எரிந்து எரிந்து பேட்டரி இறங்கிவிட்டது. செல்விக்கோ நிறைமாதம். எந்த நேரம் வலி வந்தாலும் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட இந்தக் கார்தான். அதற்காகவே மாப்பிள்ளை காரியாபட்டியிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் பேட்டரியிலிருந்து வயரை மாட்டினார். மாட்டியதும் முதல் வேலையாகப் பிரேக் லைட்டு பற்றிக்கொண்டது.

"ஒயரு எங்கயோ ஷார்ட் ஆகுது அத்தை. பல்பக் கழட்டிட்டா தீந்துச்சு."

"கழட்டிட்டா, நீங்க பிரேக்குப் போடுறது பின்னாடி வாரவனுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைத்தாச்சிய உக்கார வச்சு லாரிக்காரன்கிட்ட முட்டு வாங்கவா?"

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் எனக்கு அணைக்க மனசில்லை. அணைத்தால் நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்களோ என்று பயம். எரியவிட்டால் வலி வரும் நேரம் வண்டி கிளம்பாது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வி வாசலில் நின்று கேட்டாள்: "ஏம்மா, நீ அப்பாவுக்குக் காவலா, எனக்குக் காவலா?"

மூணாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் உங்களுக்கு டார்ச் பிடித்தே கை காய்த்தவள். "பின்னாடி எரிஞ்சா முன்னாடி பாருடி" என்பீர்களே. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தேன். கால் இரண்டும் கதவுக்கு வெளியே. மாமியார் அப்படிக் கிடப்பதை மாப்பிள்ளை பார்க்கலாமா? மரியாதையாகக் காருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"லைட்டப் பாருங்க மாப்பிள்ளை."

"சுவத்துல பாக்குறேன் அத்தை. நீங்க நடத்துங்க."

பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்சு, அதன் நுனியில் சின்னக் குமிழ். காலை எடுத்தால் பெடல் தண்டு வந்து குமிழை அமுக்கும், லைட்டு அணையும். அமுக்குகிற இடத்தில் தண்டில் ஓர் ஓட்டை. அதை அடைத்திருந்த பிளாஸ்டிக் வில்லை நைந்து, பொடிப்பொடியாய்க் கீழே கிடந்தது. குமிழ் அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அமுக்க ஆளில்லை. அவ்வளவுதான் விஷயம்.

குமிழை விரலால் அமுக்கினேன். "அணைஞ்சிருச்சு" என்றார். விட்டேன். "எரியுது." அமுக்கினேன். "அணைஞ்சிருச்சு." விட்டேன்.

"எரியுது. சரி, தெரிஞ்சு போச்சுல்ல அத்தை, இன்னும் எதுக்கு?"

"பேசிக்கிட்டிருக்கேன், இருங்க."

அவர் மறுபடி சுவரைப் பார்த்து, "அணைஞ்சிருச்சு" என்றார்.

புது வில்லைக்கு டவுனுக்குப் போகவேண்டும். அதுவரை? உங்கள் வெள்ளைச் சட்டையை, போட ஆளில்லாவிட்டாலும், வாராவாரம் அலசிக் கொடியில் போடுகிறேன். ஓடிப்போய் அதில் ஒரு பட்டனை அறுத்துவந்து, ஓட்டையின் மேல் வைத்து, மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கினேன். குமிழ் பட்டனில் முட்டியது. சுவர் இருண்டது.

அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம் முதல் தடவையாக உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். மிதித்தேன். சுவர் சிவந்தது.

"நல்லா எரியுது அத்தை. கால எடுங்க."

எடுக்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?

மறுநாள் விடியும் முன்னே செல்விக்கு வலி. கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அவளைப் பின் சீட்டில் மடியில் சாய்த்துக்கொண்டு நான் பின்கண்ணாடி வழியே பார்த்தபடி போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் ரோடு சிவந்தது, இருண்டது. எனக்குப் பின்னால் யாரோ நடந்து வந்ததுபோல இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரோடுதான் இருந்தது.

பேத்தி பிறந்திருக்கிறாள். உங்கள் மூக்கு. பாவம், என்ன செய்ய.

மாப்பிள்ளை புது வில்லை வாங்கிவந்துவிட்டார். "வேண்டாம், அவுக பட்டனே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். இனிமேல் தினமும் விளக்கு வைக்கிற நேரம் பேத்தியோடு உங்கள் இடத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை மிதித்துச் சுவரைச் சிவக்க வைப்பேன். இது சத்தியம். டீயை நானே குடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கும்போது மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை வயிற்றுக்கு நேரே திறந்திருந்தது. நர்ஸம்மா சிரித்தார். உங்கள் சட்டையோடு கொடியில் காயும்போது பட்டன் எல்லாம் இருந்தது என்றார் மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். உங்கள் சட்டையில் எல்லாப் பட்டனும் இருக்கிறது.

இப்படிக்கு
உங்கள் வீட்டுக்காரி,
செல்வி அம்மா