முக்காலே அரைக்கால் அங்குலம்

ஹில்ஸ்பரோ, கான்சஸ்
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள மகன் கேலனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. நீயும் நோராவும் குழந்தை ஹேஸலும் அந்த அலாஸ்காக் குளிரில் நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். மணிக்கட்டு என்றதும் பதறாதே, போன மாதம் மாட்டுக்கொட்டகைக்குப் போகிற வழியில் பனியில் வழுக்கி விழுந்தாள், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. இந்த வருஷம் பனி போதவில்லை, கோதுமைப் பயிர் போர்வை இல்லாமல் வெடவெடக்கிறது, பார்க்கலாம். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நீ வண்டிக்கு எண்ணெய் மாற்றினாயா, அங்கே நடுவழியில் நின்றால் கூப்பிட ஆள் கிடையாது என்பதை மறந்துவிடாதே.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான். நீங்கள் எங்களுக்குச் சொல்லாமல் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டதுகூட அவளுக்கு ஆறிவிட்டது, ஆறாதது குழந்தை விஷயம். நோராவை மருமகள்னு ஏத்துக்கிறேன், எவனோ பெத்த பொண்ணுக்கு நான் எப்படிப் பாட்டியாவேன் என்றாள். நீ அனுப்பிய படத்தை மடித்துத்தான் சட்டத்தில் வைத்தாள். கேட்டால் சட்டம் சின்னது என்கிறாள், மடிப்புக்குள் போனது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வீட்டில் கல்யாணமான பிள்ளைக்கு ஒட்டுப்போர்வை உண்டு, உன் அக்காமாருக்குக் கொடுத்ததை உனக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நீலமும் வெள்ளையுமாகத் துணி வாங்கி வைத்திருந்தாள், அதற்குள் கை முறிந்தது. இடது கையால் துணியை நகர்த்தி மிஷினை ஓட்டிவிடுவாள், கத்தரி பிடிக்கத்தான் முடியாது. அதனால் வெட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது.

வேலை உனக்குத் தெரிந்ததுதான். சதுரமாக வெட்டி அதை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம், நீலத்தையும் வெள்ளையையும் ஜோடி சேர்த்துத் தைத்தால் மறுபடியும் சதுரம். தைத்து முடித்தபின் நாலு அங்குலம் வர வேண்டும், அதோடு முக்காலே அரைக்கால், டேப்புல எட்டுக்கு ஏழு கோடு, சேர்த்து வெட்டுங்க என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் யோசித்தேன், தையலுக்கு இந்தப் பக்கம் கால் அந்தப் பக்கம் கால், ஆக அரை அங்குலம் போதுமே, மாத்திரை மயக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் மரம் அறுத்தவனுக்குத் துணி என்ன பெரிய காரியம் என்று பலகையில் ஓர் அச்சு அறுத்து, துணியை அடுக்கி வைத்து, அவள் வருவதற்குள் ஒரு முழம் மிச்சமில்லாமல் வெட்டி முடித்துவிட்டேன். அவள் முதல் கட்டத்தைத் தைத்து அளந்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அளந்தாள். சாய்வுத் தையல் முனையில கூடுதலாத் துணியைத் தின்னும்ங்க, நேர்த் தையல் மாதிரி இல்ல, அதுக்குத்தான் முக்காலே அரைக்கால், நான் சொன்னதைக் காதுல வாங்கினீங்களா இல்லையா என்றாள். ஒரு சதுரத்துக்குக் காலே அரைக்கால்தான் குறைவு, ஆனால் எல்லாம் சேர்ந்தபோது போர்வையில் முக்கால் அடி காணாமல் போயிற்று. ரெட்டைக் கட்டிலுக்குப் பற்றாது. கடையிலும் அந்த நீலம் தீர்ந்துவிட்டது.

ஓரத்தில் வேறு துணி வைத்துப் பெரிதாக்கேன் என்று நான் சொன்னதற்கு, பேசாம இருங்க, அது ஒட்டாமலே நிக்கும் என்று ஒரே போடாகப் போட்டாள். வெட்டினதைப் பெருசாக்க முடியாது, இனி மத்ததைத்தான் அதுக்குத் தகுந்தாப்ல வெட்டணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு நாள் சூப்பை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மன்னிப்புக் கேட்டு அலுத்துவிட்டேன். மூன்றாம் நாள் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மடிப்பை விரித்து, குழந்தை நோராவின் இடுப்புக்கு மேலே எவ்வளவு வருகிறாள் என்று விரலால் பார்த்தாள். அப்புறம், ஏங்க, ஹேஸலோட கட்டில் என்ன அகலம் இருக்கும் என்று கேட்டாள். அந்தப் பேர் அவள் வாயில் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் சட்டென்று எழுந்து உனக்கு எழுதக் காகிதம் தேடினேன். அதைப் பார்த்துவிட்டு, நீங்க வேணும்னே குறைச்சு வெட்டினீங்களா என்று சந்தேகப்பட்டாள், எனக்கு அவ்வளவு புத்தி இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்றேன், சிரித்துவிட்டாள். உங்கள் இருவருக்கும் போர்வை அடுத்த வருஷம்தானாம், அதற்கு என்னைக் கத்தரியைத் தொட விடமாட்டாளாம்.

இப்போது முக்கியமான விஷயம். போர்வையின் பின்பக்க மூலையில் பிள்ளைகளின் பேருக்கு இரண்டு எழுத்து அவள் தைப்பாள் அல்லவா, உன் அக்காமாருக்கு வைத்தது போல. ஹேஸலுக்கு முதல் எழுத்து எனக்குத் தெரியும், ரெண்டாவது நம்ம வோத் குடும்பத்து எழுத்தா, அவளைப் பெத்த அப்பனோட எழுத்தானு கேட்டு எழுதுங்க, எதுவா இருந்தாலும் தைப்பேன் என்றாள். குழந்தையையே கேட்டு எழுது, நீயாக முடிவு செய்யாதே.

மூன்று பேரையும் கர்த்தர் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அப்பா,
டெல்பர்ட் வோத்

கீழே கோழி கிளறியது போல இருப்பது அம்மாவின் இடது கை:

கட்டிலை மெத்தையோட அளந்து அனுப்பு. ரெண்டு தடவை அள. அவளையும் டேப்போட ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லு.